விமானப்படை சாகசக் குழுவுக்கு விமானம் தேர்ந்தெடுப்பது எப்படி: படிப்படியான முழு வழிகாட்டி

பெங்களூரில் விமானப் பொறியியல் படிக்கும் தமிழ் மாணவர்களுக்கும், விமானபுரா பக்கம் அறை எடுத்துத் தங்கிப் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்கும் நான் அடிக்கடி கொடுக்கும் வேலை இது: ஒரு விமானப்படை புதிதாகச் சாகசக் குழு தொடங்குகிறது, எந்த விமானத்தைக் கொடுக்கலாம் என்று காரணங்களோடு எழுதுங்கள். ஏறக்குறைய எல்லோரும் ஒரே இடத்தில் தடுக்கி விழுகிறார்கள். குழுவின் தலைவர் ஓட்டும் விமானத்தை மனதில் வைத்துத் தேர்வு செய்கிறார்கள். தேர்வு செய்ய வேண்டியதோ, அணிவகுப்பின் ஓரத்தில், எல்லோருக்கும் கடைசியாகப் பறப்பவருக்கான விமானத்தை. அவருக்குப் போதுமானது எல்லோருக்கும் போதும். தலைவருக்குப் போதுமானது அவருக்குப் போதாமல் போகலாம்.

கீழே உள்ள படிகளின் வரிசையை மாற்றாதீர்கள். ஒவ்வொரு படியின் விடையும் அடுத்த படிக்கு உள்ளீடாகப் போகிறது.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

விமானப்படையிடம் இப்போது என்னென்ன ரக விமானங்கள், எத்தனை, எந்தத் தளத்தில் இருக்கின்றன என்ற பட்டியல். காட்சி நடத்தப்போகும் ஊர்களின் பட்டியல்: தளத்தின் உயரம், அந்த மாதத்தின் பிற்பகல் வெப்பம், ஓடுபாதையின் நீளம். ஒவ்வொரு விமானத்துக்கும் எடை, இறக்கைப் பரப்பு, உந்துவிசை, ஜி வரம்பு (ஒரு ஜி என்பது நம் சாதாரண எடை; 4 ஜி என்றால் அதன் நான்கு மடங்கு). இவற்றோடு ஒரு எக்செல் தாள்.

விமானியின் கையேடு வெளியாருக்குக் கிடைக்காது. தயாரிப்பாளர் வெளியிட்ட எண்களை வைத்துச் செய்யலாம். ஆனால் எந்த எண் எங்கிருந்து வந்தது என்று பக்கத்துக் கட்டத்திலேயே குறித்து வையுங்கள். இரண்டு இடங்களில் இரண்டு விதமாக இருந்தால் குறைவானதை எடுங்கள்.

1. முதலில் காட்சியை எழுதுங்கள்

விமானங்களின் பெயர்ப் பட்டியலோடு தொடங்குபவர்கள், முதல் மணி நேரத்திலேயே தங்களுக்குப் பிடித்த விமானத்துக்கு வழக்காட ஆரம்பித்துவிடுவார்கள். அதனால்தான் முதல் தாளில் எந்த விமானத்தின் பெயரும் வரக் கூடாது என்கிறேன்.

எழுத வேண்டியது இவ்வளவுதான். எத்தனை விமானங்கள்? எவ்வளவு நேரம்? எந்தெந்த உருவங்கள்? எந்தத் தளத்திலிருந்து கிளம்பும்? நம்முடைய சூர்யகிரண் ஒன்பது, பிரிட்டனின் ரெட் ஆரோஸ் ஒன்பது, பிரான்சின் பத்ரூய் த ஃப்ரான்ஸ் எட்டு, இத்தாலியின் ஃப்ரெச்சே திரிகொலோரி பத்து, அமெரிக்காவின் தண்டர்பேர்ட்ஸ் ஆறு. ஒன்பதில் வைர வடிவம் முழுமையாக அமையும். ஆறில் நான்கு வைரமாகவும் இரண்டு தனியாகவும் பறக்கும். இந்த ஒரு முடிவே பின்னால் வரும் பாதிக் கணக்கைத் தீர்மானிக்கிறது.

மேகம் தாழ்ந்திருக்கும் நாளுக்கும் ஒரு காட்சி எழுதுங்கள். லூப் (செங்குத்தான வட்டம்) போடும் முழுக் காட்சி, ரோல் (பக்கவாட்டில் உருளுதல்) மட்டும் உள்ள காட்சி, தட்டையாகத் திரும்பிக்கொண்டே இருக்கும் காட்சி என்று மூன்று வடிவங்களைப் பல குழுக்கள் கையில் வைத்திருக்கும். தட்டையான காட்சியில் தன் முகத்தைக் காட்டத் தெரியாத விமானம் மழைக்கால ஊர்களுக்கு ஆகாது.

கூட்டத்தின் திசையில் மூக்கை நீட்டும் உருவம் எதையும் எழுதாதீர்கள். 1988 ஆகஸ்ட் 28 அன்று ஜெர்மனியின் ராம்ஸ்டைனில் இத்தாலியக் குழுவின் மூன்று விமானங்கள் மோதின. பார்வையாளர்களையும் சேர்த்து 70 பேர் இறந்தார்கள். மோதிய விமானங்களில் ஒன்று கூட்டத்தை நோக்கி வந்துகொண்டிருந்தது. அதற்குப் பிறகு இந்த விதி இல்லாமல் காட்சி வரையும் நாடு அரிது.

2. ஊரின் உயரத்தையும் வெயிலையும் கணக்கில் சேருங்கள்

ஏரோ இந்தியா விமானக் கண்காட்சி நடக்கும் பெங்களூரின் யெலஹங்கா தளம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,000 அடி. அந்த உயரத்தில் திட்ட வளிமண்டலத்தின் (கணக்குக்காக வைத்துக்கொள்ளும் மாதிரிக் காற்றின்) வெப்பம் 9 டிகிரி. பிப்ரவரி பிற்பகலில் அங்கே 30 டிகிரி வரும். ஒரு டிகிரிக்கு 120 அடி என்ற எளிய விதிப்படி, 21 டிகிரி வித்தியாசத்துக்கு 2,520 அடி கூடும். ஆக, விமானத்தைப் பொறுத்தவரை அது நிற்பது 5,500 அடியில்.

சென்னை மெரினாவில் 32 டிகிரி வெயிலில் இதே கணக்கு 2,000 அடியைத்தான் தருகிறது. 2024 அக்டோபரில் சூர்யகிரண் மெரினாவிலும் பறந்தது, யெலஹங்காவிலும் பறக்கிறது. குழு ஒன்றுதான், காற்று வேறு. யெலஹங்காவில் காற்றின் அடர்த்தி மெரினாவைவிட ஏறத்தாழ பத்து சதவீதம் குறைவு. உந்துவிசையும் கிட்டத்தட்ட அதே அளவில் குறையும்.

பட்டியலில் உள்ள ஊர்களில் மிக மோசமான ஒன்றை எடுத்து, அதற்கு மட்டும் எல்லாக் கணக்கையும் போடுங்கள். சராசரி எடுப்பது இங்கே தவறு. சராசரி ஊரில் யாரும் காட்சி நடத்துவதில்லை.

3. திரும்பும் ஆரத்தைப் போட்டுப் பாருங்கள்

வேகமான விமானம் நல்ல காட்சி தரும் என்ற நம்பிக்கை இந்தப் படியில் உடையும். ஆரத்துக்கான சூத்திரம் எளிது. வேகத்தின் வர்க்கத்தை, புவியீர்ப்பு முடுக்கத்தாலும், ஜியின் வர்க்கத்தில் ஒன்றைக் கழித்து எடுத்த வர்க்கமூலத்தாலும் வகுக்க வேண்டும்.

300 நாட் (ஒரு நாட் மணிக்கு 1.85 கி.மீ.) வேகத்தில் 4 ஜி இழுத்தால் ஆரம் சுமார் 627 மீட்டர். முழு வட்டம் அடிக்க 25.5 விநாடி. 400 நாட் வேகத்தில் அதே 4 ஜி என்றால் ஆரம் 1,115 மீட்டர். 400 நாட்டில் 5 ஜி இழுத்தாலும் 880 மீட்டருக்குக் கீழே வராது, வட்டம் முடிய 27 விநாடி ஆகும். அதாவது வேகமான விமானம் அதிக ஜி இழுத்து, விமானியை அதிகம் களைப்பாக்கி, கூட்டத்தைவிட்டு அதிக தூரம் போய், தாமதமாகவே திரும்பி வருகிறது.

இதில் இன்னொரு பொறி இருக்கிறது. விமானி பார்ப்பது வேகமானியின் 300 நாட். யெலஹங்காவின் 5,500 அடிக் காற்றில் உண்மை வேகம் 325 நாட்டுக்கு மேல். அதே 4 ஜியில் ஆரம் 740 மீட்டர் ஆகிவிடும், ஏறக்குறைய 18 சதவீதம் அதிகம். கடல் மட்டத்துக்கு வரைந்த காட்சியை அப்படியே பெங்களூருக்குக் கொண்டுவந்தால், ஒவ்வொரு உருவமும் பிதுங்கி அடுத்ததன் இடத்தைத் தின்னும்.

"அண்ணா, சுகோயை இறக்கினா கூட்டமே அலறுமே, ஏன் வேண்டாம்கிறீங்க?" என்று ஒரு தம்பி கேட்டான். கேட்க வேண்டிய கேள்விதான். ரஷ்யாவின் ருஸ்கியே வித்யாசி குழு சுகோய்களில்தான் பறக்கிறது, கம்பீரமாகவே பறக்கிறது. ஆனால் சுகோய் 30 தன் உடலுக்குள் ஒன்பது டன்னுக்கு மேல் எரிபொருள் சுமக்கும் விமானம். சூர்யகிரண் இப்போது பறக்கும் ஹாக் பயிற்சி விமானம் சுமப்பது சுமார் 1.3 டன். ஒன்பது சுகோய்களை வருடம் முழுக்கப் பயிற்சியில் வைத்திருந்தால் எரிபொருள் எவ்வளவு, காவல் பணியிலிருந்து கழியும் மணி நேரம் எவ்வளவு என்று அவனையே கணக்குப் போடச் சொன்னேன். போட்டு முடித்ததும் தானே அந்த வரியை அடித்தான்.

4. ஓரத்து விமானியின் இருக்கையில் உட்காருங்கள்

வழிகாட்டியின் மையம் இதுதான். இதற்கு மற்றப் படிகளைவிட இரண்டு மடங்கு நேரம் ஒதுக்குங்கள்.

தலைவர் ஒரு சீரான வளைவைப் பறக்கிறார். அவருக்குப் பக்கத்தில் இருப்பவர் அவரைப் பார்த்துச் சிறு திருத்தம் செய்கிறார். அவருக்கு அடுத்தவர் அந்தத் திருத்தத்தையும் சேர்த்துத் திருத்துகிறார். ஓரத்துக்குப் போகப் போகத் திருத்தம் பெரிதாகிறது. தேர் திரும்பும்போது வடத்தின் முனையில் நிற்பவர் ஓட வேண்டியிருப்பதைப் போல.

உந்துவிசை மிச்சம். தலைவர் த்ராட்டிலை (எஞ்சின் சக்தியைக் கூட்டிக் குறைக்கும் பிடியை) முழுதும் தள்ளிவிட்டால், பின்தங்கியவர் எட்டிப்பிடிக்க வழியே இல்லை. ஆகவே தலைவருக்கு 85 சதவீத உந்துவிசைதான் உண்டு என்று வைத்துக்கொண்டு முழுக் காட்சியையும் கணக்கிடுங்கள். இது நான் வைக்கும் அளவு. நீங்கள் 80 வைத்தாலும் சரி, 100 மட்டும் வேண்டாம். மோசமான ஊரின் காற்றில், இந்த 85 சதவீதத்தில் லூப்பின் உச்சியைக் கடக்க முடியாத விமானம் இங்கேயே தேர்விலிருந்து விழுந்துவிடும்.

எஞ்சினின் பதில். த்ராட்டிலைத் தள்ளியதும் எவ்வளவு விரைவில் உந்துவிசை வருகிறது என்பது, உச்ச உந்துவிசையைவிட முக்கியம். டர்போபிராப்பில் (டர்பைன் எஞ்சின் புரொப்பெல்லரைச் சுழற்றும் விமானத்தில்) இந்தப் பதில் மிக வேகமானது. த்ராட்டிலை இழுத்தால் புரொப்பெல்லரே பிரேக் போலவும் வேலை செய்யும். ஆனால் சக்தியைக் கூட்டிக் குறைக்கும் ஒவ்வொரு முறையும் மூக்கு பக்கவாட்டில் நகரும், காலால் ரடரை (வால் சுக்கானை) திருத்த வேண்டும். சுவிட்சர்லாந்தின் பிசி-7 குழு ஒன்பது டர்போபிராப்களோடு அதைச் சாதித்துக் காட்டுகிறது. முடியாதது அல்ல, பயிற்சி நேரம் கூடும், அவ்வளவுதான். ஜெட்டில் கால் வேலை குறைவு. பதிலுக்கு, எஞ்சின் சுழற்சி ஏறும் தாமதத்தைச் சமாளிக்க நல்ல ஏர்பிரேக் (காற்றை எதிர்த்து வேகத்தைக் குறைக்கும் தகடு) வேண்டும். ஏர்பிரேக்கைச் சற்றே திறந்து, எஞ்சினை உயர்ந்த சுழற்சியில் வைத்துப் பறக்க முடிகிறதா, அப்படித் திறந்தால் மூக்கு எகிறுகிறதா என்று கேளுங்கள்.

கைப்பிடியின் உணர்வு. அமெரிக்கக் கடற்படையின் ப்ளூ ஏஞ்சல்ஸ் தங்கள் ஹார்னெட்களின் கைப்பிடியில் ஒரு சுருள்வில்லைப் பொருத்துகிறார்கள். அது கைப்பிடியை முன்பக்கமாகத் தள்ளிக்கொண்டே இருக்கும், விமானி இடைவிடாமல் பின்னால் இழுத்தபடி பறப்பார். மையத்தில் இருக்கும் தளர்ச்சி அதனால் மறைந்து, கை நுட்பமாகிறது. முன்கையைத் தொடைமேல் ஊன்றிப் பறப்பதால் ஜி உடையையும் அவர்கள் அணிவதில்லை. அந்த உடை காற்றடைத்துப் புடைக்கும்போது கை அசைந்துவிடும். ஆகவே கைப்பிடி எந்தப் பக்கத்தில் இருக்கிறது, எவ்வளவு நகர்கிறது, உணர்வைக் கூட்டிக் குறைக்க இடம் உண்டா என்பதைப் பட்டியலில் சேருங்கள்.

பார்வை. ஓரத்து விமானி கருவிகளைப் பார்ப்பதே இல்லை என்று சொல்லலாம். பக்கத்து விமானத்தின் இரண்டு புள்ளிகளை நேர்கோட்டில் வைத்தே தன் இடத்தைக் காக்கிறார். இறக்கை முனையும் உடலில் ஒரு குறியும் தெளிவாகத் தெரிய வேண்டும். மேலே, பக்கவாட்டில், சற்றுப் பின்னால் என எல்லாத் திசைகளிலும் கண்ணாடியின் சட்டம் மறைக்கிறதா என்று படத்தில் கோடு போட்டுப் பாருங்கள். மாணவர்களில் பெரும்பாலோர் இந்த வரியையே எழுதுவதில்லை.

தலைகீழ்ப் பறத்தல். எரிபொருளும் எண்ணெயும் தலைகீழாக எத்தனை விநாடி எஞ்சினுக்குப் போகும்? சாதாரணப் பயிற்சிக்கு வைத்த வரம்பு, தலைகீழாகக் கடந்துபோகும், தனியாகப் பறக்கும் சோலோ விமானிக்குப் போதாமல் போகலாம். மாற்றம் செய்ய முடியுமா, யார் சான்றளிப்பார் என்று இப்போதே கேட்டு வையுங்கள்.

5. உலோகத்தின் ஆயுள்

தாழ்வான உயரத்தில், தடிப்பான காற்றில், நாள்தோறும் 4 ஜி, 5 ஜி இழுப்பது சாதாரணப் பயிற்சியைவிட இறக்கையின் களைப்பு ஆயுளை (திரும்பத் திரும்ப வளைந்து உலோகம் விரிசல் விடும் வரையிலான ஆயுளை) வேகமாகத் தின்னும். வரம்பு 8 ஜி என்று தாளில் இருந்தால் போதாது. எத்தனை முறை என்பதே கேள்வி. ஓரத்து விமானம் திருத்தத்துக்காகத் தலைவரைவிடக் கூடுதலாக இழுக்கும் என்பதால், விமானங்களை இடம் மாற்றி மாற்றிப் பறக்கவிடும் திட்டமும் வேண்டும்.

1964ல் தண்டர்பேர்ட்ஸ் எஃப்-105 தண்டர்சீஃபுக்கு மாறினார்கள். கனமான, ஒலியைவிட வேகமான குண்டுவீச்சு விமானம். ஆறு காட்சிகள்தான் நடந்தன. அந்த ஆண்டு மே மாதம் கலிஃபோர்னியாவில் ஒரு விமானம் மேலே இழுத்தபோது நடு வானில் உடைந்து, விமானி உயிரிழந்தார். குழு பழைய எஃப்-100க்கே திரும்பியது.

6. புகை

சுருக்கமாகச் சொல்கிறேன். டீசல் போன்ற எண்ணெயைச் சூடான வெளியேற்றத்தில் பீய்ச்சினால் அது ஆவியாகி, குளிர்ந்து வெண்புகை ஆகும். நிறத்துக்குச் சாயம் கலப்பார்கள். ரெட் ஆரோஸ் ஹாக்கின் வயிற்றில் உள்ள கலனில் ஐந்து நிமிட வெள்ளை, ஒரு நிமிடச் சிவப்பு, ஒரு நிமிட நீலம் அடங்கும்.

தொட்டி எங்கே பொருந்தும், குழாய் எஞ்சினின் வாயருகே போகுமா, எடை மையம் எவ்வளவு நகரும் என்று பாருங்கள். ஆஃப்டர்பர்னர் (வெளியேற்றத்தில் மேலும் எரிபொருளை எரித்து உந்துவிசை கூட்டும் அமைப்பு) போட்டால் எண்ணெய் புகையாகாமல் எரிந்துபோகும். ஆஃப்டர்பர்னர் இல்லாமல் காட்சியை முடிக்க முடியாத போர் விமானத்துக்கு இது நேரடிச் சிக்கல்.

7. எத்தனை விமானங்கள் ஒதுக்க வேண்டும்

ஒன்பது விமானக் காட்சிக்குப் பத்து போதும் என்று எழுதுபவர்கள் அதிகம். ஒரு நாளில் ஒரு விமானம் பறக்கத் தயாராக இருக்கும் வாய்ப்பு 75 சதவீதம் என்று வைத்துக் கணக்கிடுங்கள். 12 விமானங்கள் இருந்தால், குறைந்தது ஒன்பது தயாராக இருக்கும் வாய்ப்பு 65 சதவீதம்தான். மூன்று நாளில் ஒரு நாள் காட்சி குறைபட்டுப் போகும். 14 இருந்தால் 89 சதவீதம். 16 இருந்தால் 97.

ஒரு விமானத்தின் பழுது மற்றொன்றைப் பாதிக்காது என்று இந்தக் கணக்கு எடுத்துக்கொள்கிறது. உதிரிபாகம் ஒன்றுக்காக எல்லாமே காத்து நிற்கும் நாட்களில் நிலைமை இதைவிட மோசம். எனவே தயார்நிலையை 70க்கும் 65க்கும் ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டு எண்ணை முடிவு செய்யுங்கள்.

8. யாரிடமிருந்து எடுக்கிறீர்கள் என்று எழுதுங்கள்

முந்தைய படியில் வந்த 14 அல்லது 16 விமானங்கள் வானத்திலிருந்து வருவதில்லை. ஏதோ ஒரு பயிற்சிப் பள்ளியிலிருந்தோ படையணியிலிருந்தோ கழிகின்றன.

சூர்யகிரண் 1996ல் கிரண் மார்க் 2 விமானங்களோடு தொடங்கியது. 2009ல் எச்பிடி-32 அடிப்படைப் பயிற்சி விமானங்கள் தரையிறக்கப்பட்டன, புதிய விமானிகளுக்குப் பயிற்சி விமானம் இல்லாமல் போயிற்று. 2011 ஏரோ இந்தியாவுக்குப் பிறகு குழுவையே நிறுத்தி, கிரண்களைப் பயிற்சிக்கு எடுத்துக்கொண்டார்கள். குழு 2015ல் ஹாக் விமானங்களோடுதான் மீண்டு வந்தது. விமானிகள் சரியாகப் பறந்தார்கள், விமானமும் சரியாகத்தான் இருந்தது. பயிற்சிப் பள்ளியில் இடைவெளி விழுந்தபோது அதை நிரப்ப வேறு கையிருப்பு இல்லை. உங்கள் தேர்வு இப்படி ஒரு நெருக்கடியைத் தாங்குமா என்பதற்கு ஒரு தனிப் பத்தி எழுதுங்கள்.

எரிபொருளும் இதே கணக்கில் வரும். எஃப்-4 ஃபான்டம்களில் பறந்த அமெரிக்கக் குழுக்கள் இரண்டும் 1970களின் எண்ணெய் நெருக்கடிக் காலத்தில் சிறிய விமானங்களுக்கு இறங்கின. தண்டர்பேர்ட்ஸ் டி-38க்கும், ப்ளூ ஏஞ்சல்ஸ் ஏ-4க்கும் போயின.

எதிர்ப்பக்கமும் உண்டு. படையின் மற்றவர்கள் ஒரு விமானத்தைக் கைவிட்ட பிறகும் குழு அதையே வைத்திருந்தால், உதிரிபாகச் செலவு முழுவதும் குழுவின் தலையில் விழும். பிரிட்டனில் 2022ல் மற்றப் படையணிகள் ஹாக் டி1ஐ நிறுத்திய பின் ரெட் ஆரோஸ் மட்டும் அதில் தொடர்கிறது. இன்னும் பதினைந்து ஆண்டுகளுக்குப் படையில் பெரும் எண்ணிக்கையில் இருக்கப்போகும் விமானமா என்று கேளுங்கள்.

9. முதலில் சல்லடை, பிறகு மதிப்பெண்

எல்லா விமானங்களுக்கும் எல்லா அம்சங்களிலும் மதிப்பெண் போட்டுக் கூட்டுவது, நான் பார்க்கும் தவறுகளில் மிகப் பரவலானது. அழகுக்கும் சத்தத்துக்கும் கிடைத்த மதிப்பெண், உந்துவிசை மிச்சம் இல்லாத குறையை மூடிவிடும். வானத்தில் அப்படி ஈடுகட்ட முடியாது.

ஆகவே ஆம், இல்லை என்று மட்டும் பதில் சொல்லும் சல்லடையை முதலில் வையுங்கள். மோசமான ஊரில் 85 சதவீத உந்துவிசையில் காட்சி முடிகிறதா? தாழ்வான உயரத்தில், தரையில் நிற்கும்போதும் காப்பாற்றும் வெளியேற்று இருக்கை உண்டா? களைப்பு ஆயுள் பத்தாண்டு தாங்குமா? தேவையான எண்ணிக்கையைப் படை இழக்க முடியுமா? ஒன்றில் இல்லை என்றாலும் வெளியே.

இந்திய நிலைமைக்கு இந்தச் சல்லடையைப் போட்டால் என்ன ஆகிறது? சுகோய் எண்ணிக்கையிலும் எரிபொருளிலும் சிக்கி வெளியேறுகிறது. தேஜஸ் திறமையான விமானம்தான், ஆனால் போர்ப் படையணிகளே அதற்காகக் காத்திருக்கும்போது 14ஐக் கேட்க முடியாது. எச்டிடி-40 என்ற அடிப்படைப் பயிற்சி விமானத்தில் 70க்கு 2023ல் ஒப்பந்தமானது. அவை முதலில் போக வேண்டிய இடம் பயிற்சிப் பள்ளி. பிசி-7 மார்க் 2 படைக்கு 75 வாங்கப்பட்டது, சிறிய குழுவுக்குப் பரிசீலிக்கலாம், ஒன்பதுக்கு எடுத்தால் 2011ன் கதை திரும்பும். ஹாக் மார்க் 132 மட்டும் எல்லாக் கண்ணிகளையும் கடந்து வருகிறது. விமானப்படைக்கும் கடற்படைக்கும் சேர்த்து 123 வாங்கப்பட்டது, பெரும்பகுதி பெங்களூரில் எச்ஏஎல் (இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ்) கட்டியது. ஹாக் பயிற்சியும் சூர்யகிரணும் கர்நாடகத்தின் பீதரிலேயே இருப்பதால் பராமரிப்பவர்களும் கருவிகளும் அங்கேயே உண்டு.

முதல் தாளில் ஹெலிகாப்டர் காட்சி என்று எழுதியிருந்தால் சல்லடையே வேறு. சூலூரில் இருக்கும் சாரங் குழுவின் துருவ், கீல் இல்லாத சுழலி கொண்டது. விமானி கையை அசைத்ததும் உடல் உடனே பதில் சொல்வது அதனால்தான். அங்கே ஆரத்தின் இடத்தில் இந்தப் பதில் வேகத்தை வைத்துக் கணக்கிடுங்கள்.

மதிப்பெண் என்பது சல்லடையைத் தாண்டி இரண்டு மூன்று நின்றால் மட்டும். உச்ச வேகத்துக்கு மதிப்பெண் வேண்டாம். காட்சியில் அது பயன்படுவதே இல்லை.

10. பறந்து பாருங்கள், சிறிதாகத் தொடங்குங்கள்

தாளில் தேறிய விமானத்தை இரண்டு விமானங்களாக, போதிய உயரத்தில், சோதனை விமானிகள் முதலில் பறக்க வேண்டும். பிறகு நான்கு. பிறகு ஆறு. ஒன்பது கடைசியில். ஹாக்குக்கு மாறிய சூர்யகிரணும் குறைந்த எண்ணிக்கையில் தொடங்கித்தான் ஒன்பதுக்கு வந்தது. ஒவ்வொரு கட்டத்திலும் ஓரத்து விமானியிடம் கேட்க வேண்டியவை: த்ராட்டில் எத்தனை முறை முன்னே முட்டியது? ஏர்பிரேக் எத்தனை முறை வேண்டியிருந்தது? எந்த உருவத்தில் தலைவரைக் கண்ணிலிருந்து தவறவிட்டீர்கள்?

த்ராட்டில் அடிக்கடி முன்னே முட்டினால் விமானியை மாற்றிப் பார்க்காதீர்கள். நான்காம் படிக்குத் திரும்பி, தலைவரின் 85ஐ 80 ஆக்கிக் காட்சியை மறுபடி வரையுங்கள்.

2019 பிப்ரவரி 19 அன்று, ஏரோ இந்தியா தொடங்குவதற்கு முந்தைய நாள், யெலஹங்காவில் ஒத்திகையின்போது சூர்யகிரணின் இரண்டு ஹாக் விமானங்கள் மோதி, விங் கமாண்டர் சாஹில் காந்தி உயிரிழந்தார். எவ்வளவு தேர்ந்த குழுவானாலும், எவ்வளவு பொருத்தமான விமானமானாலும், நெருங்கிப் பறப்பதன் ஆபத்து முற்றிலும் நீங்காது. அதனால் வெளியேற்று இருக்கையைச் சல்லடையில் வைத்தோம். அதே காரணத்துக்காக, கட்டங்களுக்கு இடையே எவ்வளவு காலம் என்ற எண்ணை அறிக்கையில் எழுதாதீர்கள். நான்கிலிருந்து ஆறுக்குப் போகலாமா என்பதைப் பறக்கும் குழு முடிவு செய்யட்டும். ஏரோ இந்தியாவின் தேதி முடிவு செய்யக் கூடாது.